அதே கட்டடம், அதே பி.காம்... காலையில ஒரு ஃபீஸ், மதியம் ஒரு ஃபீஸ்! காலேஜ் கட்டணம் ஏன் இவ்வளவு ஏறிச்சு?

சென்னையோ, திருச்சியோ, மதுரையோ, பாளையங்கோட்டையோ... அரசு உதவி பெறும் பழைய கல்லூரி ஏதாவது ஒண்ணுக்குப் போய்ப் பாருங்க. காலையில 'ஷிஃப்ட் 1' பசங்க வருவாங்க. அவங்க கிளம்பினதும் அதே பெஞ்சுல 'ஷிஃப்ட் 2' பசங்க வந்து உட்காருவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பி.காம். ஒரே சிலபஸ். செமஸ்டர் முடிஞ்சா கையில வர்ற டிகிரி சர்ட்டிஃபிகேட்டுல கூட ஷிஃப்ட் நம்பர் இருக்காது.

ஆனா ஃபீஸ் ரசீதை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. காலை ரசீதைவிட மதிய ரசீது பல மடங்கு பெருசா இருக்கும்.

ஏன்? காலையில பாடம் எடுக்கிற பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறது அரசாங்கம். அது 'எய்டட்' கோர்ஸ். மதியம் பாடம் எடுக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறது உங்க அப்பா. அது 'செல்ஃப் ஃபைனான்ஸ்' கோர்ஸ். தமிழ்ல 'சுயநிதி'னு சொல்வாங்க. இதுல 'சுய' யாருன்னுதான் பலரும் யோசிக்கிறதில்லை. கல்லூரி தன் சொந்தக் காசைப் போட்டு நடத்துதுன்னு நினைச்சுக்கிறோம். கட்டடத்துக்கும் நிலத்துக்கும் முதல்ல கொஞ்சம் போட்டிருக்கலாம். அதுக்கப்புறம் மாசாமாசம் வண்டி ஓடுறது நம்ம காசுலதான்.

'காலேஜ் ஃபீஸ் ஏன் இவ்வளவு ஏறிச்சு'னு கேட்டா, 'எல்லாமே ஏறிடுச்சுல்ல, அதான்'னு வீட்டுல ஒரு பதில் வரும். அது பாதிதான் சரி. படிப்போட செலவும் ஏறியிருக்கு, அதைவிட முக்கியமா, அந்தச் செலவைக் கட்டுற ஆள் மாறியிருக்கார். இது எப்போ, எப்படி மாறுச்சுன்னு தெரிஞ்சா, இந்த வருஷ அட்மிஷன்ல உங்க வீட்டுல யாராவது கையெழுத்துப் போடப்போற அந்தப் பேப்பர் கொஞ்சம் தெளிவாப் புரியும்.

1984-ல என்ன நடந்துச்சு?

கிண்டி பொறியியல் கல்லூரியோட வேர் 1794-ல ஆரம்பிச்ச நில அளவைப் பள்ளி. அதுலேருந்து கிட்டத்தட்ட 190 வருஷம் தமிழ்நாட்டுல இன்ஜினீயரிங் காலேஜ்கள்னா விரல்விட்டு எண்ணிடலாம். கிண்டி, கோவை ஜி.சி.டி., காரைக்குடி, திருச்சி ஆர்.இ.சி. மாதிரி அரசுக் கல்லூரிகள், கோவை பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராசர் மாதிரி அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஃபீஸ் ரொம்பக் குறைவு. ஆனா சீட்டும் ரொம்பக் குறைவு. இந்த ரெண்டாவது வரியை நம்ம மாமா, பெரியப்பாக்கள் சொல்ல மறந்துடுவாங்க. 'நாங்கல்லாம் சும்மா படிச்சோம்'னு சொல்றவர் கூடப் படிச்ச நூறு பேர்ல எத்தனை பேருக்கு காலேஜ் வாசலே தெரியாதுன்னு ஒருதரம் கேட்டுப் பாருங்க.

சீட் கிடைக்காதவங்க என்ன பண்ணாங்க? வசதி இருந்தா ரயில் ஏறி கர்நாடகா போனாங்க. மணிப்பால்ல 1953-லேயே தனியார் மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. 'டொனேஷன்'ங்கிற வார்த்தைக்கு தானம்னு அர்த்தம் மாறி, சீட் விலைன்னு அர்த்தம் வந்தது அந்தக் காலத்துலதான். தமிழ்நாட்டுப் பணம் பக்கத்து மாநிலத்துக்குப் போகுது, இங்க அரசுகிட்ட புதுக் கல்லூரி கட்டக் காசு இல்லை. அந்தச் சூழல்லதான் 1984-ல எம்.ஜி.ஆர். அரசு சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்துச்சு. 'நிலம் உன்னுது, கட்டடம் உன்னுது, சம்பளமும் நீயே கொடுத்துக்கோ. பசங்ககிட்ட ஃபீஸ் வாங்கிக்கோ' என்பதுதான் ஏற்பாடு.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நெடுஞ்சாலையில பஸ்ல போனா, பத்து நிமிஷத்துக்கு ஒரு ஆர்ச். 2010-கள்ல தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கல்லூரிகளோட எண்ணிக்கை 500-ஐத் தாண்டிச்சு.

இதை மொத்தமா வில்லன் கதையாச் சொல்றது எனக்குச் சரியாப்படலை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி சர்வேப்படி, 18-லேருந்து 23 வயசுல உயர்கல்விக்குள்ள வர்றவங்க விகிதம் இந்தியா முழுக்க 28.4 சதவிகிதம். தமிழ்நாட்டுல 47. அரசுக் கல்லூரிகள், இடஒதுக்கீடு, மதிய உணவு போட்ட பள்ளிக்கூடங்கள் எல்லாத்துக்கும் அதுல பங்கு உண்டு. ஆனா சுயநிதிக் கல்லூரி இல்லாம இவ்வளவு சீட் வந்திருக்காது. சீட்டு பெருகிச்சு. பில்லு வீட்டுக்கு வந்துச்சு. ரெண்டும் ஒரே முடிவோட ரெண்டு பக்கம்.

கோர்ட் படிக்கட்டு

'ஒரு தனியார் கல்லூரி எவ்வளவு வேணும்னாலும் வாங்கலாமா?' இந்தக் கேள்வி 1990-கள்ல உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. பெயர்கள் கொஞ்சம் போரடிக்கும், ஆனா உங்க ரசீதுல இருக்கிற ஒவ்வொரு தொகையும் இங்கிருந்துதான் வருது. அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

1992-ல மோகினி ஜெயின் வழக்கு. கர்நாடகாவுல மருத்துவப் படிப்புக்கு அரசு ஒதுக்கீட்டுல சேர்ந்தா வருஷத்துக்கு 2,000 ரூபாய். அதே கல்லூரிக்கு வெளிமாநிலத்துலேருந்து வந்தா 60,000. 30 மடங்கு! 'இது கேபிடேஷன் ஃபீஸ்தான், செல்லாது'ன்னு கோர்ட் சொல்லிச்சு. அதே 1992-ல தமிழ்நாடும் கேபிடேஷன் ஃபீஸைத் தடை பண்ணி ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, நம்புங்க.

அடுத்த வருஷமே, 1993-ல உன்னிகிருஷ்ணன் வழக்கு. 'பாதி சீட் ஃப்ரீ சீட், பாதி சீட் பேமென்ட் சீட்'னு கோர்ட் ஒரு ஃபார்முலா கொடுத்துச்சு. கேட்க நல்லா இருக்குல்ல? நடைமுறையில என்ன ஆச்சுன்னா, நல்ல ஸ்கூல்ல படிச்சு நல்ல மார்க் எடுத்த வசதியான வீட்டுப் பசங்க ஃப்ரீ சீட்டுக்குப் போனாங்க. மார்க் குறைஞ்ச கிராமத்துப் பையன் நிலத்தை வித்து பேமென்ட் சீட்டுக்குப் போனான். அவன் கட்டுற பணத்துலதான் இவன் படிச்சான்.

2002-ல 11 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் டி.எம்.ஏ. பை ஃபவுண்டேஷன் வழக்குல இந்த ஃபார்முலாவை எடுத்துட்டாங்க. மணிப்பால் கல்லூரியை ஆரம்பிச்ச அதே பை பேர்ல இருக்கிற அமைப்புதான் இது. 'அரசு உதவி பெறாத கல்லூரி தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கலாம். வளர்ச்சிக்கு நியாயமான உபரி வச்சுக்கலாம். லாபவேட்டை கூடாது, கேபிடேஷன் கூடாது' என்பது தீர்ப்பின் சாரம். நியாயமான உபரி எங்க முடியுது, லாபவேட்டை எங்க ஆரம்பிக்குது? அதை யார் பார்க்கிறது? 2003-ல இஸ்லாமிக் அகாடமி வழக்குல அதுக்கும் பதில் வந்துச்சு: ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில மாநிலத்துக்கு ஒரு கட்டண நிர்ணயக் குழு. 2005-ல இனாம்தார் வழக்குலயும் இந்தக் குழுக்கள் தப்பிச்சு நின்னுச்சு.

அந்தக் குழு போட்ட ரேட் என்ன? 2017-ல தமிழ்நாட்டுல சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிக்குக் கவுன்சலிங் மூலமா சேர்ந்தா வருஷத்துக்கு 50,000 ரூபாய். என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுன்னா 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுல 85,000, தரச்சான்று இருந்தா 87,000. அதுக்கு முன்னாடி கவுன்சலிங் சீட்டுக்கு 40,000, 45,000 ஆக இருந்துச்சு.

'என்னது, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கே 87 ஆயிரம்தானா? எங்க பக்கத்து வீட்டுல...'ன்னு நீங்க ஆரம்பிக்கிறது கேட்குது. ஆமா. காகிதத்துல அவ்வளவுதான். நிர்ணயிச்சதைவிட அதிகமா வாங்குறாங்கங்கிற புகார் வருஷா வருஷம் வர்றதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு டிமாண்ட் எகிறும்போது ரசீது இல்லாத பணம் கை மாறுறதும் ஊரறிஞ்ச ரகசியம். அது போக ஹாஸ்டல், மெஸ், பஸ், பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்னு தனித்தனி வரிகள். டியூஷன் ஃபீஸுக்குக் கடிவாளம் போட்டா, குதிரை பஸ் ஃபீஸ் பக்கமா ஓடுது.

இந்தக் குழுவோட எல்லைக்கு வெளியே இன்னொரு உலகமே இருக்கு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது 'டீம்டு'. யு.ஜி.சி. சட்டம் 1956-ன் கீழ ஒரு நிறுவனத்துக்கு மத்திய அரசு கொடுக்கிற அந்தஸ்து அது. 2000-களோட ஆரம்பத்துல தமிழ்நாட்டுல பல பெரிய தனியார் கல்லூரிகள் வரிசையா இந்த அந்தஸ்தை வாங்கிச்சு. அவங்களுக்குத் தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங் கிடையாது, மாநிலக் கட்டணக் குழு கிடையாது. தனி என்ட்ரன்ஸ், தனி ரேட். மருத்துவத்துல இந்த வித்தியாசம் தலைசுத்த வைக்கும். அரசு மருத்துவக் கல்லூரியில டியூஷன் ஃபீஸ் வருஷத்துக்குச் சில ஆயிரங்கள். டீம்டு மருத்துவக் கல்லூரிகள் பலதுல வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல. ரெண்டுக்கும் ஒரே நீட்தான்.

செல்போன் பேச்சு மலிவாச்சு, காலேஜ் ஏன் ஆகலை?

1995-ல இந்தியாவுல செல்போன் வந்தப்போ ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய் வரைக்கும் ஆச்சு. இன்கமிங்குக்கும் காசு. இன்னிக்கு அந்த மாதிரி கணக்கே இல்லாம பேசிட்டிருக்கோம். டிவி, கம்ப்யூட்டர், விமான டிக்கெட் எல்லாமே சம்பளத்தோட ஒப்பிட்டா மலிவாயிடுச்சு. அப்போ காலேஜ் மட்டும் ஏன் எதிர் திசையில போகுது?

இதுக்கு வில்லியம் பௌமால், வில்லியம் போவன்னு ரெண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1960-கள்ல ஒரு விளக்கம் சொன்னாங்க. அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம் சங்கீதக் கச்சேரி. நம்ம ஊருக்கு மாத்திச் சொல்றேன். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில் வச்சு ஒரு மணி நேரம் வாசிக்க, நூறு வருஷத்துக்கு முன்னாடியும் நாலு பேரும் ஒரு மணி நேரமும் வேணும். இன்னிக்கும் அதேதான். ஃபேக்டரியில மெஷின் வந்ததால ஒரு தொழிலாளி பத்து மடங்கு பொருள் செய்யறார், அவர் சம்பளமும் ஏறுது. தவில் வித்வான் பத்து மடங்கு வேகமா வாசிக்க முடியாது. ஆனா அவருக்கும் சம்பளத்தை ஏத்தித்தான் ஆகணும், இல்லைன்னா அவர் பையன் ஃபேக்டரிக்குப் போயிடுவான். அதனால கச்சேரியோட விலை மத்த பொருளைவிட வேகமா ஏறும். முடிவெட்டுற கடை, மருத்துவமனை, காலேஜ் எல்லாத்துக்கும் இதே விதி.

நம்ம காலேஜ் கணக்கையே பாருங்க. யு.ஜி.சி. ஊதிய விகிதத்துல புதுசா சேர்ற விரிவுரையாளரோட ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 1986-ல 2,200 ரூபாய். 1996-ல 8,000. 2006-ல தர ஊதியத்தையும் சேர்த்து 21,600. 2016-ல 57,700. முப்பது வருஷத்துல 26 மடங்கு. அவர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற பசங்க எண்ணிக்கை மட்டும் 26 மடங்கு ஆகலை, ஆகவும் முடியாது. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர்னு இருந்துச்சு. 2018-ல அதை 20-ஆக மாத்தினாங்க. அவ்வளவுதான் நீட்ட முடிஞ்சது.

சரி, அப்போ ஃபீஸ் ஏறினதுக்கு வாத்தியார் சம்பளம்தான் காரணமா? அரசுக் கல்லூரியில, எய்டட் கல்லூரியில ஆமா. அங்கே செலவோட பெரும்பகுதி சம்பளம்தான். ஆனா சுயநிதிப் பக்கம் வந்தா கதை வேற. தெரிஞ்ச கெஸ்ட் லெக்சரர் யாராவது இருந்தா, சாயங்காலம் டீக்கடையில உட்கார வச்சு 'சார், கையில எவ்வளவு வருது?'ன்னு கேளுங்க. நெட் பாஸ் பண்ணிட்டு, பி.எச்டி. முடிச்சிட்டு, 57,700-ல பாதிகூட வாங்காதவங்க ஏராளம். கட்டணக் குழு முன்னாடி செலவுக் கணக்கு காட்டும்போது பேப்பர்ல முழுச் சம்பளம் இருக்கும், பேங்க் அக்கவுன்ட்டுல வேற இருக்கும்னு ஆசிரியர் சங்கங்கள் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. பௌமால் விதி எல்லா இடத்துக்கும் சமமாப் பொருந்துதுன்னு யாராவது சொன்னா, முதல்ல பே-ஸ்லிப்பைக் காட்டச் சொல்லுங்க.

மிச்சக் காசு எங்க போகுது? கொஞ்சம் நியாயமான இடங்களுக்கும் போகுது. எங்க அண்ணன் படிச்ச காலத்துல லேப்னா பத்து கம்ப்யூட்டருக்கு முப்பது பேர் க்யூ. இப்போ வைஃபை, சாஃப்ட்வேர் லைசென்ஸ், சர்வர். நாக், என்.பி.ஏ. தரச்சான்றுக்காக ஒரு படையே வேலை பார்க்கணும். ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது: காலேஜ் ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனா காலேஜ் வாங்குற செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் சேவைக்கு 18 சதவிகிதம் உண்டு. ஸ்கூலுக்குக் கொடுக்கிற விலக்கு காலேஜுக்கு இல்லை. கட்டின வரியைத் திரும்ப எடுத்துக்கவும் வழி இல்லை. அதுவும் சுத்தி வந்து உங்க தலையிலதான் விழும்.

நியாயமில்லாத இடமும் இருக்கு. மேம்பாலம் மேம்பாலமா நிக்கிற ஹோர்டிங், பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு முழுப்பக்க விளம்பரம், பசங்களைப் பிடிச்சுக் கொடுக்கிற ஏஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன். உங்களைத் தன் காலேஜுக்கு இழுக்க ஆகிற செலவையும் நீங்களேதான் கட்டுறீங்க!

அரசாங்கம் எப்போ கையை எடுத்துச்சு?

நாட்டோட வருமானத்துல 6 சதவிகிதம் கல்விக்கு ஒதுக்கணும்னு கோத்தாரி கமிஷன் 1966-ல சொல்லிச்சு. 2020 தேசிய கல்விக் கொள்கையும் அதே 6 சதவிகிதத்தைச் சொல்லுது. நடுவுல 54 வருஷம். ஒரு வருஷம்கூட அந்த இலக்கைத் தொடலை.

1991-ல தாராளமயம் வந்த பிறகு தொனியே மாறிச்சு. 1993-ல யு.ஜி.சி. அமைச்ச நீதிபதி புன்னையா குழு, பல்கலைக்கழகங்கள் தங்களோட தொடர் செலவுல 15 சதவிகிதத்தையாவது தாங்களே திரட்டணும், பத்து வருஷத்துல அதை 25 ஆக்கணும்னு பரிந்துரைச்சது. 2000-ல பிரதமரோட ஆலோசனைக் குழுவுக்காக முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் கொடுத்த அறிக்கை இன்னும் வெளிப்படை: உயர்கல்வியில பயன்படுத்துறவரே காசு கட்டட்டும்.

ஐ.ஐ.டி-யைப் பாருங்க. அது சுயநிதி இல்லை, முழுக்க அரசு நிறுவனம். 2013-ல வருஷ டியூஷன் ஃபீஸ் 50,000-லேருந்து 90,000 ஆச்சு. 2016-ல 2 லட்சம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருக்கிறவங்களுக்கும் முழு விலக்கு உண்டு. 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி. இதைச் சொல்லாம விட்டா தப்பு. ஆனா 6 லட்சம் சம்பாதிக்கிற வீடு? முழுக் காசு. அப்புறம் 2017-ல ஹெஃபா வந்துச்சு. மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து ஆரம்பிச்ச நிதி நிறுவனம். கட்டடம் கட்ட முன்னாடி மானியமா வந்த பணம், இதுல கடனா வருது. கல்வி நிறுவனம் கடன் வாங்கினா அதை எதுலேருந்து அடைக்கும்னு நினைக்கிறீங்க?

தமிழ்நாடு இதுல முழுசா ஒரே பக்கம் போகலை. அரசு கலைக் கல்லூரிகள்ல டியூஷன் ஃபீஸை எடுத்துட்டாங்க. குடும்பத்துல முதல் பட்டதாரின்னா கவுன்சலிங் சீட்டுல கட்டணச் சலுகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல மருத்துவத்துலயும் 2021-ல இன்ஜினீயரிங், விவசாயம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புகள்லயும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ரெண்டையும் அரசே கட்டும். 2022-ல புதுமைப் பெண், 2024-ல தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாய். ஆக, ஏழை வீட்டுக்கு ஓரளவு குடை இருக்கு. பணக்கார வீட்டுக்குக் குடை தேவையில்லை. நடுவுல, பையனைத் தனியார் ஸ்கூல்ல சேர்த்த ஒரே காரணத்தால சலுகை எதுக்குள்ளயும் வராத சின்ன மளிகைக் கடைக்காரர் வீடு இருக்கே... அந்த வீடுதான் பேங்க் வாசலுக்குப் போகுது.

லோன்: 5 லட்சம் எப்படி 10 லட்சம் ஆகுது?

கல்விக் கடனுக்கான மாதிரித் திட்டம் 2001-ல வந்துச்சு. அது பல லட்சம் வீட்டுல விளக்கேத்தியிருக்கு, சந்தேகமில்லை. கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. 'அப்பாகிட்ட கையில எவ்வளவு இருக்கு' என்பதுதான் முன்னாடி ஃபீஸுக்கு உச்சவரம்பு. லோன் வந்ததும் 'நாளைக்கு நீ எவ்வளவு சம்பாதிப்பே' என்பது உச்சவரம்பு ஆயிடுச்சு. பிளேஸ்மென்ட் போஸ்டர்ல இருக்கிற அந்த ஒரே ஒரு பையனோட 'ஹையஸ்ட் பேக்கேஜ்' நம்பருக்கும் ஃபீஸுக்கும் உள்ள சொந்தம் இதுதான்.

ஒரு கணக்குப் போடலாமா? போனை எடுத்து கால்குலேட்டரைத் திறங்க.

வருஷத்துக்கு 1.25 லட்சம்னு நாலு வருஷம் லோன் வாங்குறீங்க. மொத்தம் 5 லட்சம். வட்டி 10 சதவிகிதம்னு வச்சுக்குவோம். படிக்கிற நாலு வருஷமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். 'அப்போ வட்டியும் இல்ல'ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அங்கதான் சறுக்கல். சாதாரண வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். முதல் வருஷம் வாங்கின 1.25 லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 62,500. அடுத்தடுத்த வருஷங்களுக்கு 50,000, 37,500, 25,000. கூட்டினா 1.75 லட்சம். நீங்க முதல் தவணை கட்டப்போற அன்னிக்கு உங்க கடன் 5 லட்சம் இல்லை, 6.75 லட்சம். அதைப் பத்து வருஷத்துல அடைச்சா மாசம் சுமார் 8,920 ரூபாய். மொத்தமாக் கட்டி முடிக்கிறது கிட்டத்தட்ட 10 லட்சத்து 70 ஆயிரம்.

ஆரம்பச் சம்பளம் 22,000, சென்னையில பி.ஜி. வாடகையும் சாப்பாடும் 9,000. மிச்சத்துல 8,920 எடுத்துட்டுப் பாருங்க. வீட்டுக்கு அனுப்பவும் பஸ்ஸுக்கும் போனுக்கும் சேர்த்து நாலாயிரம் சொச்சம். முதல் சம்பளத்துல அம்மாவுக்குப் புடவை எடுக்கிறது இருக்கட்டும், இந்தக் கணக்கை அட்மிஷனுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்துடுங்க.

கடனைப் பத்தி பேங்க்ல தானா வாய் திறந்து சொல்லாத சில விஷயங்கள். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. மத்திய அரசோட கடன் உத்தரவாதத் திட்டத்துக்குள்ள வந்தா 7.5 லட்சம் வரைக்கும் அடமானமும் மூணாவது ஆள் ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தவணை இல்லாத அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசு கட்டுற மானியத் திட்டம் 2009-லேருந்து இருக்கு. மேல போட்ட கணக்குல அந்த 1.75 லட்சம் முழுசா மிச்சம்! 2024 நவம்பர்ல பி.எம். வித்யாலட்சுமி வந்துச்சு. தரவரிசையில தேர்வான நிறுவனங்கள்ல சேர்ந்தா அடமானமோ ஜாமீனோ இல்லாமக் கடன். வருமானம் 8 லட்சம் வரை இருந்தா 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகை. நீங்க சேரப்போற காலேஜ் இந்தத் திட்டங்களுக்குள்ள வருதா, மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்குப் பொருந்துமா என்பதை அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடியே பேங்க் மேனேஜர்கிட்ட கேட்டுடுங்க. கட்டின பிறகு கேட்டா பதில் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை.

சீட் காலியா இருந்தும் விலை ஏன் இறங்கலை?

கடைசியா, எல்லாரும் கேட்கிற கேள்வி. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங் முடியும்போது ஆயிரக்கணக்குல இடம் காலியாக் கிடக்கு. கத்திரிக்காய் மிஞ்சினா விலை இறங்கும், சீட் மிஞ்சினா ஏன் இறங்கலை?

இறங்குது, நமக்குத் தெரியாத இடத்துல. கடைசி வரிசைக் கல்லூரிகள் ஃபீஸைக் குறைச்சு, பஸ் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீன்னு ஆள் தேடுது. அப்படியும் ஆள் வராம மூடின கல்லூரிகள் நிறைய. ஆனா எல்லாருக்கும் வேணுங்கிறது மேல இருக்கிற கொஞ்சம் கல்லூரிகள், அதுலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அங்க க்யூ குறையவே இல்லை. இன்னொரு பக்கம், படிப்போட தரம் என்னன்னு சேர்றதுக்கு முன்னாடி தொட்டுப் பார்க்க முடியாது. அதனால விலையையே தரம்னு எடுத்துக்கிறோம். 'அந்த காலேஜ்ல ஃபீஸ் கம்மி'ன்னு சொன்னா, 'ஏன், என்ன பிரச்னை?'ன்னு கேட்கிற முதல் ஆள் நம்ம வீட்டுலயேதான் இருப்பார். காலேஜ்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

அதனால அட்மிஷன் ஆபீஸ்ல 'இன்னிக்கே கட்டினாத்தான் சீட், நாளைக்கு ரேட் ஏறிடும்'னு அவசரப்படுத்தினா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க. கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்க. ரசீதுல எந்தத் தலைப்புல எழுதியிருக்காங்கன்னு படிங்க. நாலு வருஷத்துக்கும் சேர்த்து டியூஷன், ஹாஸ்டல், பஸ், தேர்வுக் கட்டணம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. முதல் வருஷ ரேட்டை மட்டும் சொல்லி அனுப்புறது பழைய டெக்னிக்.

முக்கியமா, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ். சேர்ந்த பிறகு வேற இடத்துல சீட் கிடைச்சா 'முழு ஃபீஸையும் கட்டினாத்தான் டி.சி., மார்க் ஷீட் தருவோம்'னு பிடிச்சு வைக்கிறது நடக்கும். யு.ஜி.சி. 2018-லேயே இதைத் தடை பண்ணிடுச்சு. சரிபார்த்துட்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துடணும். அட்மிஷனோட அறிவிச்ச கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கும் முன்னாடியோ விலகினா, சின்னதா ஒரு நிர்வாகச் செலவு போக முழுப் பணமும் திரும்ப வரும். அதுக்கப்புறம் கடைசித் தேதி வரைக்கும் 90 சதவிகிதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள்ள 80, அடுத்த 15 நாளுக்குள்ள 50. அதையும் தாண்டினா ஒண்ணும் வராது. சில வருஷங்கள்ல யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாவும் தேதி கொடுத்திருக்கு. அந்தந்த வருஷ அறிவிப்பை டவுன்லோடு பண்ணி போன்ல வச்சுக்கோங்க, விலகும்போது கவுன்ட்டர்ல காட்ட உதவும்.